வரைகலை மென்பொருளில் வசதிகள் வருவதும் மறைவதும் யார் முடிவால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணம் செலுத்திப் பெறும் வரைகலை மென்பொருள்களையும் இலவசமாகக் கிடைப்பவற்றையும் ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் எளிமையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் இலவச மென்பொருள்களான கிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவற்றில் சில வசதிகள் இல்லாததற்கு அவற்றை எழுதுவோரின் திறமைக் குறைவே காரணம் என்ற பொருள்பட அது முடிந்திருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. பக்க வடிவமைப்பையே நீண்ட காலமாகத் தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு மென்பொருளில் ஒரு வசதி இடம்பெறுவதும், இடம்பெறாமல் போவதும், இருந்து பின்னர் மறைவதும் பல நேரங்களில் காப்புரிமை அலுவலகங்களிலும் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களிலும்தான் முடிவாகின்றன. நிரல் எழுதுபவருக்கு அதில் பெரும்பாலும் பங்கே இருப்பதில்லை. இதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பலரும் கேள்விப்பட்ட ஜிஃப் பட வடிவத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் இதை வெளியிட்டு, கட்டணம் ஏதுமின்றி யாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. படத்தின் அளவைச் சுருக்குவதற்கு அதில் கையாளப்பட்ட எல்.இசட்.டபிள்யூ என்னும் முறையை டெர்ரி வெல்ச் 1984இல் ஒரு கணினி ஆய்விதழில் விளக்கி எழுதியிருந்தார். அதைப் படித்தே பலர் தங்கள் மென்பொருள்களில் அதைச் சேர்த்தனர். ஆனால் அந்த முறைக்கு ஸ்பெர்ரி நிறுவனம் 1983இலேயே விண்ணப்பித்து 1985இல் காப்புரிமை பெற்றிருந்தது. 1986இல் ஸ்பெர்ரி பரோஸ் நிறுவனத்துடன் இணைந்து யுனிசிஸ் ஆனபோது அந்த உரிமையும் யுனிசிஸ் கைக்குப் போயிற்று. ஜிஃப் உலகெங்கும் பரவி, இணையத்தின் அடிப்படைப் பட வடிவங்களுள் ஒன்றாக ஆகிவிட்ட பிறகு, 1994 டிசம்பரில், அதைக் கையாளும் மென்பொருள்களை விற்போர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது.

கட்டணம் செலுத்தக்கூடிய பெரிய நிறுவனங்கள் செலுத்திவிட்டன. இலவசமாக வழங்குவோர் யாரிடம் பெற்று யாருக்குச் செலுத்த முடியும்? இணையதளங்களில் படங்களை உருவாக்கப் பரவலாகப் பயன்பட்ட ஜிடி என்னும் நிரல் நூலகத்திலிருந்து (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பிலிருந்து) 1999இல் ஜிஃப் வசதி நீக்கப்பட்டது. காப்புரிமை முடிந்த பிறகு 2004இல்தான் அது திரும்பி வந்தது. இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருளிலோ சுருக்கும் பகுதி இயல்பாகவே முடக்கப்பட்டிருந்ததால், அதில் சேமித்த ஜிஃப் கோப்புகள் சுருங்காமல் பெரிய அளவிலேயே இருந்தன. இதைக் கண்ட பயனர், ‘இந்த மென்பொருளுக்குச் சரியாகச் சேமிக்கத் தெரியவில்லை’ என்றுதான் எண்ணியிருப்பார். இந்தியச் சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது என்ற கேள்விக்கே இடமில்லாமல், அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி நீக்கப்பட்ட ஒரு வசதி சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த கணினிகளில்கூட இல்லாமல் போனது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

இதனால் விளைந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. 1995 ஜனவரியில் தன்னார்வலர்கள் கூடி, எவருடைய காப்புரிமையும் தீண்டாத பட வடிவம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். அதுவே 1996 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்த பிஎன்ஜி. அசைபட வசதி இல்லாததைத் தவிர, 256 வண்ணங்களுக்குள் அடங்கிய ஜிஃப்பைவிட அது பெரும்பாலும் மேலானது. படத்தின் ஓரங்கள் படிப்படியாக மங்கிப் பின்னணியோடு கலக்கும் ஒளிபுகும் தன்மையும் அதில் இருந்தது. எனினும் அந்தத் தன்மையை வலைப்பக்கங்களில் பயன்படுத்தப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. போட்டியாளர்கள் ஓய்ந்துபோன நிலையில் மைக்ரோசாஃப்ட் 2001இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைச் சரிவரக் காட்டவில்லை. அடுத்த பதிப்பு 2006இல்தான் வந்தது. முதலாவது தடை காப்புரிமையால் வந்தது, இரண்டாவது சந்தை ஆதிக்கத்தால் வந்தது. படத்தை உருவாக்குபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

புகைப்படங்களைச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தின் வரலாற்றைத் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. 1992இல் வகுக்கப்பட்ட அந்தத் தரத்தில், படத் தரவை இறுதியாகச் சுருக்குவதற்கு ஹஃப்மன் முறை, எண்கணிதக் குறியாக்கம் என இரண்டு வழிகள் அனுமதிக்கப்பட்டன. இரண்டாவது வழியில் படத்தின் தரம் சிறிதும் குறையாமல் கோப்பின் அளவு சுமார் 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். ஆனால் அதன்மீது ஐபிஎம், ஏடி அண்ட் டி, மிட்சுபிஷி ஆகிய நிறுவனங்களுக்குக் காப்புரிமைகள் இருந்தன. ஜேபெக்கைப் பரவச் செய்த இலவச நிரல் நூலகத்தை வழங்கிய குழு, சட்டக் காரணங்களுக்காக அந்தப் பகுதியைத் தாங்கள் வழங்கவில்லை என்று விளக்கக் கோப்பிலேயே எழுதி வைத்தது. அதனால் நாம் ஜேபெக்கில் எடுத்த ஏறக்குறைய எல்லாப் புகைப்படங்களும் ஹஃப்மன் முறையிலேயே சேமிக்கப்பட்டன. காப்புரிமைகள் காலாவதியான பின் 2009இல் அந்த நூலகத்தில் எண்கணிதக் குறியாக்கம் சேர்க்கப்பட்டது உண்மையே; ஆயினும் முக்கியமான இணைய உலாவிகள் அத்தகைய கோப்பை இன்றும் திறப்பதில்லை. காப்புரிமைக்கு 20 ஆண்டுகள்தானே, அதன்பின் எல்லார்க்கும் பொதுவாகிவிடுமே என்று ஆறுதல் சொல்வோர் இந்த ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒதுக்கி வைக்கப்பட்ட வசதியைச் சுற்றிப் பழக்கமும் கருவிகளும் வேறு திசையில் வளர்ந்துவிடுகின்றன. உரிமை முடிந்த பிறகு அதைச் சீந்துவார் இல்லை.

இத்தனை எச்சரிக்கையாக இருந்தும் ஜேபெக் தப்பவில்லை. 1986இல் விண்ணப்பிக்கப்பட்ட பழைய காப்புரிமை ஒன்றைக் கையில் வைத்திருந்த ஃபார்ஜென்ட் என்னும் நிறுவனம், ஜேபெக் முழுவதும் அதற்குள் அடங்கும் என்று 2002இல் கூறத் தொடங்கி, கேமரா, கணினி நிறுவனங்கள் பலவற்றிடம் பெருந்தொகை வசூலித்தது. 2004இல் 31 நிறுவனங்கள்மீது வழக்கும் தொடுத்தது. 2006இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுஆய்வு செய்து அதன் உரிமைக் கோரல்கள் பலவற்றை நிராகரித்த பிறகே அந்த விவகாரம் ஓய்ந்தது.

இலவச மென்பொருள்மீது வைக்கப்படும் மற்றொரு குற்றச்சாட்டு, லினக்ஸ் கணினியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்பது. 2010க்கு முன் அது உண்மைதான். சிறிய அளவில் ஓர் எழுத்தைத் திரையில் வரையும்போது, அதன் செங்குத்துக் கோடு இரண்டு திரைப்புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் இரண்டிலும் பாதிப் பாதி நிழலாகப் படிந்து மங்கிவிடும். அந்தக் கோட்டைச் சற்றே நகர்த்தி ஒரே புள்ளி வரிசையில் நிறுத்தச் சொல்லும் கட்டளைகள் ட்ரூடைப் எழுத்துருக்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் வழிமுறைக்கு ஆப்பிள் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. இன்று லினக்ஸ் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் எழுத்துகளை வரையும் ஃப்ரீடைப் என்னும் இலவச நிரலில் அதற்கான பகுதி முழுமையாக எழுதப்பட்டு, மூலநிரலுக்குள்ளேயே இருந்தது. அமைப்புக் கோப்பின் ஒரே ஒரு வரியால் அதை முடக்கி வைத்துத்தான் வெளியிட்டார்கள். அதற்கு மாற்றாக, எழுத்துருவின் கட்டளைகளைத் தொடாமல் எழுத்தின் வடிவத்தைத் தானே ஆராய்ந்து சீர்செய்யும் முறை ஒன்றையும் அவர்களே உருவாக்கினார்கள். 2010 மே மாதத்தில் அந்தக் காப்புரிமைகள் முடிந்ததும், ஜூலையில் வெளிவந்த பதிப்பில் அந்த வரி மாற்றப்பட்டது. செய்து முடித்த வேலையைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பல ஆண்டுகள் மூடி வைத்திருந்தவர்களைத் திறமையற்றவர்கள் என்பது நியாயம் ஆகாது.

கண்டுபிடித்தவருக்குப் பயன் கிடைக்கக் கூடாது என்பது என் வாதம் அன்று. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லோரன்சன், கிளைன் ஆகிய இருவரும் ஸ்கேன் படங்களின் அடுக்குகளிலிருந்து எலும்பையும் உறுப்பையும் முப்பரிமாண உருவமாக வரைந்து காட்டும் மார்ச்சிங் கியூப்ஸ் முறையை 1987இல் வெளியிட்டார்கள். அது அரிய சாதனை. 2005 வரை காப்புரிமையில் இருந்தது. அதற்கான வெகுமதியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைத் தவிர்ப்பதற்காகவே வேறு வழிமுறைகளை எழுதுவதில் எத்தனையோ பேரின் உழைப்பு செலவானது என்பதும் கணக்கில் வர வேண்டும். அதே போல, இலவச மென்பொருளின் எல்லாக் குறைகளுக்கும் காப்புரிமையைக் காரணம் காட்டுவதும் தவறு. கிம்ப்பில் 16 பிட் வண்ண ஆழம் 2018இல்தான் வந்தது. மூலப்படத்தைச் சிதைக்காமல் விளைவுகளைச் சேர்த்துத் திருத்தும் வசதி 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில் வந்தது. இந்தத் தாமதங்களுக்கு ஆள் பற்றாக்குறையே காரணம்.

இனி வணிக முடிவுகளுக்கு வருகிறேன். இவற்றுக்குக் காப்புரிமைபோல் காலாவதித் தேதி கிடையாது என்பதால் இவை இன்னும் கவலைக்குரியவை என்பது என் கருத்து. அல்டஸ் நிறுவனத்தை அடோபி 1994இல் இணைத்துக்கொண்டபோது, அல்டஸ் விற்றுவந்த ஃப்ரீஹேண்ட், அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் இரண்டு போட்டி ஓவிய மென்பொருள்களும் ஒரே கையில் சேர்வதை அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் எதிர்த்தது. ஃப்ரீஹேண்டை உருவாக்கிய ஆல்ட்சிஸ் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், 10 ஆண்டுகளுக்கு அடோபி ஆணையத்தின் அனுமதியின்றி அதை வாங்கக் கூடாது என்றும் ஏற்பாடாயிற்று. பின்னர் ஃப்ரீஹேண்ட் மேக்ரோமீடியாவிடம் சென்றது. அந்த 10 ஆண்டுகள் முடிந்த பிறகு, 2005இல் மேக்ரோமீடியா நிறுவனத்தையே அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது. 2007இல் ஃப்ரீஹேண்டின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. ஒரே கோப்பில் பல பக்கங்களை வைத்து வேலை செய்யும் வசதியை ஃப்ரீஹேண்ட் பயனர்கள் பல ஆண்டுகளாக அனுபவித்து வந்தார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கு இணையானது 2008இல்தான் சேர்க்கப்பட்டது. நல்ல கருவி ஒன்றைப் பயனர்கள் கைவிடவில்லை. அதை வாங்கியவர் கைவிட்டார். இடைமுக வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி 2022இல் செய்த ஒப்பந்தத்தை ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் கடுமையாக ஆராய்ந்ததற்கும், 2023 டிசம்பரில் அது கைவிடப்பட்டதற்கும் பின்னால் இந்த அனுபவமும் இருக்கக்கூடும் என்று நான் எண்ணுகிறேன்.

அச்சகத்தாருக்கு நேரடியாக உறைத்தது, நிறங்களுக்கு எண் வகுத்துத் தரும் பான்டோன் நிறுவனத்தின் விவகாரம். நான்கு வண்ணக் கலவையில் கிடைக்காத ஒரு குறிப்பிட்ட நிறத்தைத் தனி மையாக அச்சிடும்போது, வாடிக்கையாளர் நினைக்கும் நிறமும் அச்சில் வரும் நிறமும் ஒன்றாக இருக்க, பான்டோன் எண் ஒன்றைக் குறிப்பிடுவது 1963 முதல் உலகெங்கும் உள்ள வழக்கம். பல ஆண்டுகளாக அந்த எண்கள் அடோபியின் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் ஆகியவற்றுக்குள்ளேயே இருந்தன. உரிம ஏற்பாட்டில் அடோபி, பான்டோன் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் உடன்பாடு இல்லாமல் போகவே, 2022 நவம்பரில் பெரும்பாலான பான்டோன் தொகுப்புகள் நீக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்த விரும்புவோர் பான்டோனுக்குத் தனியாகச் சந்தா செலுத்த வேண்டும் என்றானது. பழைய ஃபோட்டோஷாப் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தால், பான்டோன் நிறங்கள் நீக்கப்பட்டுக் கறுப்பாக மாற்றப்பட்டுள்ளன என்ற அறிவிப்பு தோன்றியது. அந்த நிறம் தீட்டப்பட்டிருந்த இடமெல்லாம் கறுப்பாகவே நின்றது. இது காப்புரிமைச் சிக்கலே அன்று. வணிகச் சின்னமும் உரிம ஒப்பந்தமும் சார்ந்தது. கட்டணம் செலுத்தி, சட்டப்படி, தன் கையால் உருவாக்கிய கோப்பின் நிறம் எங்கோ இரு நிறுவனங்களுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தையால் மாறும் என்றால், அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்? கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் பான்டோன் தொகுப்பு இல்லை என்று குறைபட்டுக்கொள்வோர், அது இல்லாததற்கும் இதே உரிமைச் சிக்கலே காரணம் என்பதை அறிய வேண்டும்.

தமிழுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நிறைவுறாது. ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழை இன்டிசைனில் தட்டச்சிட முயன்ற எவருக்கும் அந்தக் காலம் மறந்திருக்காது. ‘கோயில்’ என்று அடித்தால், ககரத்துக்கு இடப்புறம் வரவேண்டிய இரட்டைக் கொம்பு வலப்புறம் விழுந்து கிடக்கும். ஒரு வரிகூட உருப்படியாக வராது. இந்திய மொழிகளையும் அரபு மொழியையும் முறையாகக் கோக்கவல்ல உள்ளியந்திரம் 2008இல் வெளிவந்த சிஎஸ்4 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் வழக்கமான ஆங்கிலப் பதிப்பில் அதை இயக்குவதற்கான பட்டியோ பொத்தானோ வைக்கப்படவில்லை. அரபு, எபிரேய மொழிகளுக்கென்று தனிப் பதிப்பு விற்கப்பட்டது. விவரம் அறிந்த சிலர், மற்றவர்கள் உருவாக்கி வழங்கிய வார்ப்புருக் கோப்புகளையும் செருகுநிரல்களையும் கொண்டு அந்த வசதியைத் திறந்து தமிழைக் கோத்தார்கள். 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளுக்கு அதிகாரபூர்வமாக வழி திறக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குள் தமிழ் நான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. தடையாக நின்றது காப்புரிமையோ தொழில்நுட்பமோ அன்று. எந்தச் சந்தைக்கு எதை எப்போது விற்பது என்ற கணக்கு மட்டுமே.

அந்த ஆண்டுகளில் அச்சகங்கள் என்ன செய்தன? 2001க்குப் பிறகு புதிய பெரும்பதிப்பு எதுவும் வராத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7இல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களைக் கொண்டே புத்தகங்களைக் கோத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தகைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் தெரியும்; ஒரு சொல்லைத் தேட முடியாது; மறுபதிப்புக்கு எடுத்தால் குறியேற்றத்தை மாற்றி, மீண்டும் முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கென டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் சேர்த்து அறிவிக்க நேர்ந்த பின்னணி இதுதான். ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைத் திட்டம் ஓர் அரசின் மொழிக் கொள்கைவரை எட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணிதமுறை, வணிகமுறை, கணினி நிரல் மட்டுமேயானது, படிமுறை (அல்காரிதம்) ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே இதைத் தளர்த்த முயன்றபோது நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் சட்டம் மாறாமலேயே நடைமுறை மாறிக்கொண்டிருக்கிறது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கடும் எதிர்ப்பால் டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகள் புதிய வன்பொருளும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தின. 2017 ஜூனில் அந்த நிபந்தனையும் எடுக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் முன்மொழியப்படும்போது கருத்துக் கேட்பில் பங்கேற்பவர்களில் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்களே மிகுதியாக இருந்துவிடக் கூடாது. அச்சகத்தாரும் பதிப்பாளரும் எழுத்துரு உருவாக்குவோரும் அங்கே பேச வேண்டும். அதற்கு, எப்போது கருத்துக் கேட்கப்படுகிறது என்பதைத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் முதல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வணிகப் பக்கத்திலாவது தெரிவிக்க வேண்டும்.

தமிழக அரசுக்கும் ஒரு கோரிக்கை. அரசு அச்சகம், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், பல்கலைக்கழகப் பதிப்புத் துறைகள் ஆகியவை வடிவமைப்புப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, எந்த மென்பொருளில் வேலை செய்தாலும், முடிவில் ஒப்படைக்கப்படும் உரை ஒருங்குறியிலும், கோட்டோவியங்கள் எஸ்விஜி வடிவிலும், படங்கள் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவிலும், பக்கங்கள் பிடிஎஃப் வடிவிலும் இருக்க வேண்டும் என்றும், தனி நிறங்களுக்குப் பான்டோன் எண்ணோடு நான்கு வண்ண அளவுகளையும் எழுதித் தர வேண்டும் என்றும் நிபந்தனை சேர்க்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. வரைகலைப் பாடம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் கற்பிக்காமல், இன்னொன்றையும் சேர்த்துக் கற்பித்து, ஒன்றில் உருவாக்கிய கோப்பை மற்றொன்றில் திறந்து பார்க்கும் பயிற்சியைத் தேர்விலேயே வைக்கலாம்.

தங்கள் அடுத்த ஒப்பீட்டுக் கட்டுரையில், எந்த வசதி எதில் இருக்கிறது என்ற அட்டவணையோடு, அந்த வசதி யாருடைய உரிமத்தின்கீழ் இயங்குகிறது, சந்தா நின்றால் பழைய கோப்பு திறக்குமா, தமிழ் உரையைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்துகள் சிதையாமல் வருமா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
பக்க வடிவமைப்பாளர், மதுரை